இந்த பைட் யாருடையது?

கோயம்புத்தூர்ப் பக்கம் கன்ட்ரோலர் போர்டு செய்கிறவர்களிடம் பல ஆண்டுகள் புழங்கிய சிப் 8051. இன்டெல் நிறுவனம் அதை 1980-ல் கொண்டுவந்தது. நிரலுக்கு 4 கிலோபைட், வேலை செய்ய 128 பைட் ராம். நான் அதிகம் எழுதியது அடுத்து வந்த 8052 வகையைச் சேர்ந்த ஏடி89எஸ்52 என்ற சிப்பில். அதில் நிரலுக்கு 8 கிலோபைட், ராம் 256 பைட். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கே 3 பைட் ஆகிறது. இந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியங்கள்கூட அந்த 256 பைட்டுக்குள் அடங்காது.

ஆனால் அந்த 256 பைட்டை வைத்துக்கொண்டு நூற்பாலையில் நூலின் நீளத்தை அளந்தோம், ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்தோம், தராசு செய்தோம், கிணற்று மோட்டாரை ஓட்டினோம். இவையெல்லாம் அணைத்து அணைத்துப் போடும் கம்ப்யூட்டர்கள் இல்லை. ஒருமுறை மாட்டினால் வருடக்கணக்கில் ஓட வேண்டியவை. இந்தத் தொழிலில் நான் கற்றதை ஒரே வரியில் சொல்வதென்றால், ராம் போதவில்லை என்பது பார்வைக்கு இடப் பிரச்சினை, உள்ளே போய்ப் பார்த்தால் காலப் பிரச்சினை. ஒரு பைட் யாருக்குச் சொந்தம், எப்போதிலிருந்து எப்போது வரை என்று சொல்லத் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதை எனக்குப் பழக்கியவர் பட்டறையில் மூத்தவர். நாங்கள் அண்ணா என்று கூப்பிடுவோம். புதிய வேலை வந்தால் கம்ப்யூட்டரைத் திறக்க விடமாட்டார். கட்டம் போட்ட நோட்டில் 256 கட்டங்களை வளைத்துக்கொண்டு உட்காரச் சொல்வார். கட்டத்துக்கு ஒரு பைட். ஒவ்வொரு மாறிக்கும் பெயர் எழுதிய பிறகு பென்சிலால் தட்டிக் கேட்பார்: “இந்தக் கட்டம் யாருக்குத் தம்பி? எப்பக் காலியாகும்?” இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அந்த மாறிக்கு இடம் கிடையாது.

அந்த 256 கட்டத்திலும் எல்லாம் நம் இஷ்டத்துக்கு இல்லை. முதல் 32 பைட் நான்கு ரிஜிஸ்டர் வங்கிகளுக்குப் போகிறது. முகவரி 32 முதல் 47 வரை உள்ள 16 பைட் தனிச் சிறப்பு வாய்ந்தது: அதில் உள்ள 128 பிட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தொடலாம். 48 முதல் 127 வரை பொதுவான 80 பைட். அதற்கு மேலே உள்ள 128 பைட்டை நேரடி முகவரியால் தொட முடியாது, சுட்டி வழியாகத்தான் போக வேண்டும். திரும்பும் முகவரிகளை அடுக்கி வைக்கும் ஸ்டாக் எப்போதும் சுட்டி வழியாகவே நடப்பதால் அதை மேலே குடிவைப்பது வழக்கம்.

பிட் பகுதிதான் முதல் வரப்பிரசாதம். மோட்டார் ஓடுகிறதா, மூன்று பேஸும் இருக்கிறதா, சாவி அழுத்தப்பட்டதா, தண்ணீர் வறண்டதா என ஆம்-இல்லை கேள்விகள் ஒரு நிரலில் நாற்பது, ஐம்பது வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் கொடுத்தால் பொது இடத்தில் பாதிக்கு மேல் போய்விடும். பிட்டாக வைத்தால் ஏழு பைட்டில் முடிந்தது. தேதிக்கும் இதே கணக்கு. வருடத்துக்கு 7 பிட், மாதத்துக்கு 4, நாளுக்கு 5, ஆக 16 பிட். டாஸ் காலத்து ஃபேட் கோப்பு முறையும் தேதியை இப்படித்தான் இரண்டு பைட்டில் மடித்து வைக்கிறது. எழுத்தாக வைத்தால் எட்டு பைட் பிடிக்கும்.

மடிப்பதற்கும் மேலான உத்தி ஒன்று உண்டு: சேமிக்காமலே விடுவது. இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது மொபைல் ஸ்டார்ட்டர்.

அப்போதெல்லாம் மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும். மோட்டார் போட விவசாயி டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்பு நடமாடும் வரப்பில் நடக்க வேண்டியிருந்தது. செல்போன் மலிவானதும் அந்த நடையை ஒழிக்க ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு ஜிஎஸ்எம் மோடமும் சிம் கார்டும் வைக்கத் தொடங்கினோம். கூப்பிட்டால் மோட்டார் ஓடும், குறுஞ்செய்தி அனுப்பினால் நிலவரம் சொல்லும். ஆனால் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து. மோடம் அதை எழுத்துக்கு ஒரு பைட்டாகத் தள்ளும், முன்னால் அனுப்பியவரின் எண், தேதி, நேரம் வேறு. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு படிப்பது என்றால் ராம் அத்தோடு தீர்ந்தது.

அதனால் வாங்கி வைப்பதில்லை. எழுத்து வர வரப் படித்துவிட்டுக் கீழே போட்டுவிடுவோம். நிரல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு பைட்: வரி தொடக்கத்துக்குக் காத்திருக்கிறேன், எண் வந்துகொண்டிருக்கிறது, கட்டளைச் சொல் வந்துகொண்டிருக்கிறது, வரி முடிந்தது. வந்த எழுத்தும் இப்போதைய நிலையும் சேர்ந்து அடுத்த நிலையைத் தீர்மானிக்கும். 160 எழுத்துச் செய்தியை இரண்டு மூன்று பைட் வைத்துக்கொண்டு படித்து முடித்துவிடலாம்.

அழைத்தவர் அனுமதி பெற்றவர்தானா என்று பார்ப்பது அதைவிட அழகான வேலை. பெட்டிக்கு ஐந்து எண்கள் அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் சிப்பில் இருக்கின்றன. வந்த பத்து இலக்கத்தையும் ராமில் எழுதி, ஐந்து எண்களோடும் ஒப்பிடுவது எல்லோரும் செய்யும் வழி. நாங்கள் ஒரே ஒரு பைட் வைத்தோம். அதில் ஐந்து பிட், ஐந்து எண்களுக்கு. தொடக்கத்தில் ஐந்தும் 1. நாட்டு எண்ணைத் தள்ளிவிட்டு முதல் இலக்கம் வந்ததும் ஐந்து எண்களின் முதல் இலக்கத்தோடும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றின் பிட்டை 0 ஆக்கிவிடுவோம். அடுத்த இலக்கம், மறுபடி ஒப்பீடு. பத்தாவது இலக்கம் முடியும்போது ஏதாவது ஒரு பிட் 1 ஆகவே நின்றால் அனுமதி. எத்தனையாவது இலக்கம் என்று எண்ண இன்னொரு பைட். அவ்வளவுதான்.

இதில் நேரம் குறுக்கே வந்தது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வர ஏறத்தாழ 1.04 மில்லிசெகண்ட். ஈஈப்ராமில் ஐந்து வெவ்வேறு இடங்களுக்குப் போய்ப் படிக்க 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்திலும் இரண்டு மில்லிசெகண்ட் நெருங்கும். எண்களை வைக்கும் வரிசையை மாற்றினோம். ஐந்து எண்களின் முதல் இலக்கங்கள் அடுத்தடுத்து, பிறகு ஐந்தின் இரண்டாம் இலக்கங்கள் என்று நெடுக்கை குறுக்காக்கி எழுதினோம். இப்போது ஒருமுறை முகவரி சொன்னால் போதும், ஐந்து இலக்கமும் வரிசையாக வந்துவிடும். நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒன்றிரண்டு எழுத்து பின்தங்கினாலும், வந்த எழுத்தைப் படிக்கும் வரை பிடித்து வைக்கும் 16 பைட் வளைய பஃபர் தாங்கிக்கொண்டது. அந்த 16-ம் குத்துமதிப்பாக வைத்த எண் இல்லை. 16 எழுத்து நிரம்ப 16 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகம் ஆகும். நிரலின் முதன்மைச் சுற்று அதற்குள் ஒருமுறை திரும்பி வந்தே தீரும் என்று அளந்த பிறகே அந்த எண்ணை எழுதினோம்.

சராசரிக்கும் இதே வழி. மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வெளியே உள்ள 10 பிட் ஏடிசி அளந்து கொடுக்கிறது. அது குதிக்கும். 16 அளவீடுகளை வைத்துச் சராசரி எடுத்தால் 32 பைட் வேண்டும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கூட்டுத்தொகை போதும். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து அதன் பதினாறில் ஒரு பங்கைக் கழித்து, புதிய அளவீட்டைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 16 மடங்கு 1023-ஐத் தாண்டாது, ஆகவே இரண்டு பைட்டில் அடங்கிவிடும். பதினாறால் வகுப்பது நான்கு முறை வலப்பக்கம் நகர்த்துவதுதான். பழைய அளவீட்டின் செல்வாக்கு திடீரென்று அறுபடாமல் மெல்ல மெல்லத் தேய்கிறது. மோட்டாருக்கு அது இன்னும் நல்லது.

சேமித்தே ஆக வேண்டியவற்றுக்குப் பங்கீடு. ஒரே கல்யாண மண்டபத்தில் தேதி மோதாமல் பல வீட்டு முகூர்த்தம் நடப்பதைப் போல, ஒரே பைட்டில் நேரம் மோதாமல் பல வேலை நடக்கும். புதிய எண்ணைப் பதிவு செய்யும்போது மோட்டார் நின்றிருக்கும், ஓடும்போது பதிவு நடக்காது. ஆகவே பதிவுக்கான பஃபரும் ஓட்டத்துக்கான கணக்கு மாறிகளும் ஒரே 12 பைட்டில் இருக்கலாம். 8051-க்கான கெய்ல் சி கம்பைலர் இதைத் தானாகவே செய்யும். எந்தச் செயற்கூறு எதைக் கூப்பிடுகிறது என்று மரம் வரைந்து, ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியாத செயற்கூறுகளின் உள்மாறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடும். ஆனால் சுட்டி வழியாகச் செயற்கூறைக் கூப்பிட்டால் அந்த மரத்தில் கிளை விடுபட்டுப்போகும். அப்போது உயிரோடு இருக்கும் மாறியின் மேல் இன்னொன்று ஏறும். லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலை வரி வரியாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது பிடிபடாது.

வேறு சிப்புகளின் மூலையிலும் இடம் கிடக்கும். இரண்டு வரி, பதினாறு எழுத்து எல்சிடி திரையை ஓட்டும் எச்டி44780 சிப்பில் 80 பைட் நினைவகம் உண்டு. திரையில் தெரிவது 32 மட்டும். மீதி 48-ஐ நம் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. திரையிலிருந்து திரும்பப் படிக்கும் கம்பியைத் தரையோடு இணைத்துவிடாமல் இருந்தால் போதும். நேரம் காட்டும் டிஎஸ்1307 சிப்பில் பேட்டரி தாங்கும் 56 பைட் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் மோட்டார் முன்பு ஓடிக்கொண்டிருந்ததா என்ற விவரத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஸ்டாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மற்ற பைட்டுகளுக்கு நாம் பெயர் எழுதுகிறோம். ஸ்டாக் மட்டும் பெயரில்லாமல் வளரும், சுருங்கும்.

வெளியூர் நிறுவனம் ஒன்று செய்த ஸ்டார்ட்டர் பெட்டி ஒருமுறை என்னிடம் வந்தது. வாங்கிய விவசாயி பொறுமையாக விவரம் சொன்னார்: “பகல்ல நல்லா வேலை செய்யுதுங்க தம்பி. பவர் வந்து வந்து போற ராத்திரியில மட்டும் அப்படியே நின்னு போயிருது. போன் போட்டாலும் கேக்க மாட்டேங்குதுங்க.” நோயை அவரே பாதி கண்டுபிடித்துவிட்டார். மின்சாரம் தள்ளாடும் நேரத்தில் இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது: பேஸ் போனதை டைமர் இன்டரப்ட், அதாவது நடக்கும் வேலையில் குறுக்கிட்டு ஓடும் செயற்கூறு, கவனிக்கிறது, அதே சமயம் மோடம் தன் நிலவரத்தைச் சொல்லி எழுத்துகளைத் தள்ளுகிறது.

அந்த நிறுவனத்தார் நிரலைக் கொடுத்து உதவினார்கள். மாறிகள் முகவரி 207 வரை நிரம்பியிருந்தன. ஸ்டாக்குக்கு 208 முதல் 255 வரை, 48 பைட். சிப் உயிர் பெற்றதும் அந்த இடம் முழுக்க 01010101 என்ற அச்சை நிரப்பும்படி நிரலில் நான்கு வரி சேர்த்தேன். ஓடவிட்டு, பிறகு சீரியல் வழியாக எடுத்துப் பார்த்தால் ஸ்டாக் எதுவரை ஏறியது என்று அச்சு அழிந்த தடம் காட்டிக்கொடுக்கும். சாதாரணமாக ஓடியபோது அச்சில் ஒரு பகுதி அப்படியே இருந்தது. பேஸை விட்டு விட்டு இழுத்துக்கொண்டே மோடம் பக்கத்திலிருந்து எழுத்துகளைத் தொடர்ந்து கொட்டினேன். கடைசியில் ஒரு பைட் அச்சுகூட மிஞ்சவில்லை.

காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். முதன்மை நிரலின் ஆழமான அழைப்புத் தொடருக்கு 12 பைட். இன்டரப்ட்டுக்குள்ளிருந்து வேறு செயற்கூறைக் கூப்பிட்டால் கம்பைலர் பத்திரத்துக்காக 13 ரிஜிஸ்டரை ஸ்டாக்கில் வைக்கும். திரும்பும் முகவரிக்கு 2. உள்ளே இரண்டு அழைப்புக்கு 4. ஆக ஒரு இன்டரப்ட்டுக்கு 19. தாழ்ந்த முன்னுரிமை உள்ள டைமருக்குள் உயர்ந்த முன்னுரிமை உள்ள சீரியல் நுழைந்தால் 38. மொத்தம் 50. இருப்பதோ 48. கூடுதலான 2 பைட் எங்கே போகும்? 255-க்கு அடுத்து 0. அங்கே இருப்பவை முதல் வங்கியின் முதல் இரண்டு ரிஜிஸ்டர்கள். கடைசி அழைப்பு திரும்ப வேண்டிய முகவரி அங்கே போய் உட்கார்கிறது. அந்தச் செயற்கூறு ரிஜிஸ்டரைத் தொட்டவுடன் திரும்பும் வழி அழிகிறது. நிரல் கண்காணாத இடத்துக்குப் போய்விடுகிறது.

மருந்து எளிது. இன்டரப்ட்டுக்குள் வேலை செய்யக் கூடாது. வந்த எழுத்தை வளைய பஃபரில் போடு, ஒரு பிட்டை 1 ஆக்கு, வெளியே வா. மற்றதை முதன்மைச் சுற்று பார்த்துக்கொள்ளும். செயற்கூறு அழைப்பு இல்லாததால் இன்டரப்ட் ஒவ்வொன்றும் சில பைட்டோடு முடிந்தது. அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது ஸ்டாக்கில் கிட்டத்தட்டப் பாதி தொடப்படாமல் நின்றது. இந்த அச்சு நிரப்பும் முறை ஊரறிந்த ஒன்றுதான். ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற சிற்றியங்குதளங்களும் ஸ்டாக்கின் உயர் மட்டத்தை இப்படித்தான் அளந்து சொல்கின்றன.

பிறகு 2 கிலோபைட் ராமும் 32 கிலோபைட் நிரல் இடமும் உள்ள ஏடிமெகா328 வந்தது. எட்டு மடங்கு ராம் கிடைத்ததும் பெரிய கம்ப்யூட்டரில் பழகிய இளைஞர்கள் தேவைப்படும்போது நினைவகம் கேட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் உள்ள ஆபத்தைக் காட்ட இந்தச் சிறு கணக்குப் போதும். இருப்பு 220 பைட். முதலில் 100, அடுத்து 20, அடுத்து 100 வாங்குகிறோம். இரண்டு 100-ஐயும் திருப்பித் தந்துவிட்டோம். இப்போது 200 பைட் காலி. ஆனால் 150 கேட்டால் கிடைக்காது. நடுவில் 20 உட்கார்ந்திருக்கிறது. மேசையில் ஒரு மணி நேரம் சோதித்தால் இது தெரியாது. வயலில் மூன்றாவது மாதத்தில் தெரியும்.

பெரிய கம்ப்யூட்டருக்கு இதிலிருந்து தப்ப வழி இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கம்ப்யூட்டர் 1962-லேயே நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து, இடம் போதாதபோது சுழலும் காந்த உருளைக்குத் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுத்தது. இன்றைய லேப்டாப் வரை அந்த வழிதான். நம் சிப்புக்குக் கடன் கொடுக்க உருளையும் இல்லை, பக்கம் மாற்றும் சாதனமும் இல்லை. ஆகவே ஒரே அளவுள்ள கட்டைகளாக முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்கிறோம். 32 பைட் கட்டை எட்டு. வேண்டுபவர் ஒன்றை எடுத்து, முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். சிறிய வேலைக்குப் பெரிய கட்டை போனால் கொஞ்சம் வீண்தான். ஆனால் துண்டு விழாது, எடுக்க ஆகும் நேரமும் மாறாது. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மான் 2006-ல் வெளியிட்ட பத்து விதிகளில் ஒன்று, தொடக்க ஏற்பாடு முடிந்தபின் புதிதாக நினைவகம் கேட்கக் கூடாது என்பது. கார்களுக்கு நிரல் எழுதுவோர் பின்பற்றும் மிஸ்ரா விதிகளும் அதையே சொல்கின்றன. உயிர் பணயமாக இருக்கும் இடங்களில் எல்லோரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் இடம் நிரம்பத்தான் செய்யும். அப்போது என்ன செய்வது என்பதும் முன்பே எழுதிவைக்க வேண்டிய ஒன்று. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற எச்சரிக்கை வந்தது. 2,048 சொற்கள் மட்டுமே அழித்தெழுத முடிந்த விண்கலக் கம்ப்யூட்டரில், வேலைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் நினைவகத் தொகுதிகள் தீர்ந்துபோயின. சந்திப்பு ரேடார் வழியாக வந்த தேவையற்ற சுமை நேரத்தைத் தின்றதால் பழைய வேலைகள் முடியாமல் தேங்கின, இடம் காலியாகவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு எம்ஐடியின் ஹால் லேனிங் வகுத்திருந்த முன்னுரிமை முறையும், அதன் மேல் கட்டியிருந்த மறுதொடக்க ஏற்பாடும் அவசியமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு வேண்டியவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. எதை விடுவது என்று யாரும் அந்த நிமிடத்தில் யோசிக்கவில்லை. வருடங்களுக்கு முன்பே யோசித்து வைத்திருந்தார்கள்.

மோட்டார் பெட்டியிலும் அதே யோசனை வேண்டும். நிகழ்வுப் பதிவேடு நிரம்பினால் மிகப் பழைய பதிவை அழித்து எழுதலாம், நஷ்டம் இல்லை. மோடம் பஃபர் நிரம்பினால் அப்படிச் செய்யக் கூடாது. அந்த வரி முழுவதையும் கெட்டதாகக் குறித்து, அடுத்த வரி தொடங்கும் வரை காதை மூடிக்கொள்ள வேண்டும். பாதி அழிந்த கட்டளை ஒன்று மோட்டாரை ஓட்டிவிட்டால், கிணற்றில் இறங்கி வேலை செய்துகொண்டிருக்கும் ஆளுக்கு அது ஆபத்து.

இப்போது சில பத்து ரூபாய்ச் சிப்பிலும் நிறைய ராம் வருகிறது. இதெல்லாம் இனி எதற்கு என்று கேட்கிறார்கள். ராம் கூடும்போது நாம் அதில் வைக்கும் ஆசையும் கூடுகிறது என்பதுதான் நான் கண்டது. பாதுகாப்பான இணைய இணைப்பு ஒன்று வைத்தாலே பத்துக்கணக்கில் கிலோபைட்டுகள் போகின்றன. கையிலுள்ள செல்போனே இடம் குறையும்போது பின்னால் கிடக்கும் செயலிகளை மூடிக்கொண்டிருக்கிறது. அளவு மாறினாலும், யாருடையது, எப்போது காலியாகும் என்ற கேள்வி மாறவில்லை.

என்னிடம் வேலை பழகுகிறவர்கள் ஒவ்வொரு நிரலின் முதல் பக்கத்திலும் நான்கு விவரங்கள் எழுத வேண்டும். மாறிகளுக்குப் போனது எவ்வளவு. எல்லா இன்டரப்ட்டும் சேர்ந்து வந்தால் ஸ்டாக் ஏறும் உச்சம் எவ்வளவு, கணக்கில் ஒன்று, அளந்தது ஒன்று. மிஞ்சியது எவ்வளவு. ஒவ்வொரு பஃபரும் நிரம்பினால் எதை விடுவோம். இவற்றை எழுத ஒரு நாள் பிடிக்கும். எழுதி முடிக்காத போர்டு எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகாது. ராத்திரியில் வரப்பில் நடக்காமல் ஒருவர் வீட்டிலிருந்தே மோட்டாரை நம்பிப் போடுகிறார் என்றால், அந்த நம்பிக்கைக்கு நாங்கள் தரும் கணக்கு அந்த ஒரு பக்கம்தான்.